தாமரைக்கொடி அதிர்ஷ்டம்

முன்னொரு காலத்தில், கடலோரமாகக் கிடந்த முத்துக்கரை நாட்டை நெடுங்கோ என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதுதான் அவனுக்கு வேதம்!

அந்நாட்டு மிளகுக் கப்பல்களைக் கடற்கொள்ளையர் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். மந்திரி ஆதன் பாடுபட்டுக் கட்டிய காவல்கப்பல்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் மாயமாகிவிடுவார்கள்.

மந்திரிமேல் பொறாமைகொண்ட பூதரையன் என்ற பிரபு சபையில் எழுந்தான். "அரசே, என் கப்பல்கள் காவலே இல்லாமல் போய்வருகின்றன. ஒரு கீறல் உண்டா? இந்தக் காவல்கப்பல்கள் எதற்கு? உடைத்துத் தங்களுக்கு மிதக்கும் மண்டபம் கட்டலாமே!"

"பேஷ்! நாளைக்கே உடையுங்கள்!" என்றான் ராஜா.

ஆதன் யோசித்தான். காவல் போனால் வணிகம் போகும், நாடே பட்டினி கிடக்கும். இவன் கப்பல்களை மட்டும் கொள்ளையர் எப்படி விட்டுவைக்கிறார்கள்?

"பிரபுவே, அது என்ன ரகசியம்?" என்று பணிவாகக் கேட்டான்.

பூதரையன் மீசையை முறுக்கினான். "எல்லாம் என் தாமரைக்கொடியின் அதிர்ஷ்டம்!"

"அப்படியா! அரசே, நம் நாட்டுக் கப்பல் அத்தனையிலும் அதே கொடியை ஏற்றிவிடுவோம். எல்லாமே தப்பிக்கட்டும்!"

"ஆகா, ஏற்றுங்கள்!" என்று ராஜா துள்ளினான்.

பூதரையனுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, வேண்டாம் அரசே! எல்லாவற்றிலும் ஏற்றினால் என் கப்பல் எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

சபையில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவர்களுக்கு, பிரபுவே?" என்றான் ஆதன் மெதுவாக.

பூதரையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொள்ளையருக்குத் தகவல் சொல்லிப் பங்கு வாங்கியதை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். காவலர்கள் அவனை இழுத்துப்போனார்கள். கப்பல்களை உடைக்கும் ஆணையை ராஜா ரத்துசெய்தான்.

ஆதன் காவல்கப்பல்களில் தாமரைக்கொடி ஏற்றிக் கடலுக்குள் போனான். கொள்ளையர் கூட்டம் ஓடவில்லை, கையசைத்து வரவேற்றது. கப்பல்கள் நெருங்கி நாலாபுறமும் வளைத்துக்கொண்டது தெரியாமலே தலைவன் கூவினான்:

"வாங்க, வாங்க! பூதரையர் சௌக்கியமா?"

"பரம சௌக்கியம்! உங்களுக்கும் சேர்த்துச் சிறையில் இடம்பிடித்து வைத்திருக்கிறார்!" என்றான் ஆதன்.

வீரர்கள் வில்லை வளைத்தார்கள். ஓட வழியில்லாத கொள்ளையர் ஆயுதங்களைக் கடலில் போட்டார்கள்.

துறைமுகத்தில் பறையும் சங்கும் முழங்கின. ராஜா முழங்கால் தண்ணீரில் இறங்கிவந்து ஆதனைக் கட்டிக்கொண்டான்.

"மந்திரி, என் புத்தி புல் மேயப் போயிருந்தது, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. இனி இந்தக் கடலுக்கு நீர்தான் ராஜா!"

"கடலுக்கு வேண்டாம் அரசே, கப்பல்களுக்குப் போதும்" என்றான் ஆதன். கரையில் நின்ற மாலுமிகளெல்லாம் சிரித்துக்கொண்டே அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.