வடிவம்மாள் விட்டுக் கொடுத்த நாலு வருஷம்

பூலாங்கரையில் மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு வேலை கிடைத்தது. தளவாய்க்குக் கணீரென்ற குரல், ஆனால் எழுத வராது. ஆவுடையப்பனுக்கு எழுத வரும், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வராது. சொரிமுத்துவுக்கு இரண்டும் வராது, ஆனால் அவனிடம் சைக்கிள் இருந்தது. பட்டணத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரம்மா மங்களேஸ்வரி, மூன்று பேரையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று நினைத்தார்.

நோயோடு வாழ்கிறவர்களுக்கு வாழ்க்கை எவ்வளவு கனக்கிறது என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதை அளக்கத் தராசு கிடையாது, ஒரு கேள்விதான் உண்டு. அதை ஒரு அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

'இந்த நோயோடு இன்னும் பத்து வருஷம் இருப்பீர்கள். நோயே இல்லாமல் இருக்க வேண்டுமென்றால், அந்தப் பத்தில் எத்தனை வருஷத்தை விட்டுக் கொடுப்பீர்கள்?'

அதிகம் விட்டுக் கொடுக்கிறவருக்கு அதிக வேதனை என்று பொருள். அவ்வளவுதான். நிஜமாக யாரும் எதையும் கொடுக்கப் போவதில்லை. இதை மங்களேஸ்வரி மூவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னவை மூன்றே மூன்று. "ஒருத்தர் சொல்ற பதிலை இன்னொருத்தர் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே எழுதணும். நோய் இல்லாதவங்ககிட்டக் கேள்வி கேட்கக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறேன்."

திங்கட்கிழமை காலை, முதல் வீடாக வடிவம்மாள் வீட்டுக்குப் போனார்கள். வடிவம்மாளுக்கு இளைப்பு. பத்து வருஷமாக அவள் மூச்சு ஓட்டைத் துருத்தி மாதிரி விசில் அடித்துக்கொண்டிருந்தது. தளவாய் கேள்வியைத் தெருமுனை வரை கேட்கும்படி கேட்டான். வடிவம்மாள் வாயைத் திறந்தாள்.

"நில்லுங்க அத்தை!" என்றான் ஆவுடையப்பன். "ஒருத்தர் பதிலை இன்னொருத்தர் கேக்கக் கூடாதுல்லா? நான் இன்னொருத்தன்தானே?"

"ஆமா, நீ இன்னொருத்தன்தான்" என்றான் தளவாய்.

"அப்போ நான் காதைப் பொத்திக்கிடுதேன்."

"காதைப் பொத்திக்கிட்டா எப்படி எழுதுவ?"

இதுபற்றி மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் சொரிமுத்துதான் வழி சொன்னான். "காதுலதானே கேக்கக் கூடாது? வாயைப் பாத்து எழுது."

ஆவுடையப்பன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வடிவம்மாளின் வாயையே பார்த்தான். வடிவம்மாள் மீன்காரியிடம் பேரம் பேசுகிற முகத்தோடு தொடங்கினாள். "பத்துல எத்தனையா? ரெண்டு எடுத்துக்கிடுங்க. லொக்கு, லொக்கு. வேணாம்னா மூணு. லொக்கு. சரி, நாலு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

ஆவுடையப்பன் இருமலையும் விடாமல் எழுதினான். சொன்னது சொன்னபடி இருக்க வேண்டுமல்லவா?

மத்தியானம் தோட்டத்திலிருந்து ஐயாத்துரை சாப்பிட வந்தார். வடிவம்மாள் புருஷனுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னாள். "இங்கேருங்க, என் இளைப்பு போகப் போகுது. நாலே வருஷத்துல பேசி முடிச்சிட்டேன். வேற ஆளா இருந்தா அஞ்சு குடுத்திருக்கும்."

ஐயாத்துரை கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நாலு வருஷமா? அந்த நாலு வருஷமும் நான் என்ன செய்வேன்?"

"நீங்க இருப்பீக."

"இருந்து? யாரு கூடச் சண்டை போட?"

வடிவம்மாள் இதை யோசித்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாள்கூடச் சண்டை தவறியதில்லை. ஐயாத்துரை கை கழுவிவிட்டு நேரே மூவரையும் தேடிக்கொண்டு போனார். அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏல தளவா, எங்கிட்டயும் நாலு வருஷம் எடுத்துக்கோ. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேந்துருவோம்."

"உங்களுக்கு என்ன சீக்கு அண்ணாச்சி?"

"ஒரு சீக்கும் இல்ல."

மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "சீக்கு இல்லாதவுககிட்டக் கேக்கக் கூடாதுன்னு அம்மா உத்தரவு" என்றான் தளவாய். "காசு பணமா வாங்குதாக? வருஷத்தையே வாங்குதாக. ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"நாலு வருஷத்துக்கு என்ன சீக்கு வேணும்?"

ஆவுடையப்பன் தாள்களைப் புரட்டினான். "முழங்கால் வலிக்கு மூணு குடுக்காக. பல்வலிக்கு ஒண்ணு. ரெண்டும் சேந்தா நாலு."

"அப்போ முழங்காலும் பல்லும்" என்றார் ஐயாத்துரை, மளிகைக்கடையில் சாமான் சொல்கிறவர் மாதிரி.

முதலில் முழங்கால். மறுநாள் காலை வைக்கோல் படப்பின் மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். அடிபட்ட இடத்திலேயே கேள்வி கேட்டுவிடலாம் என்று கீழே தளவாய் அட்டையோடு நின்றிருந்தான். ஐயாத்துரை அவன் மேல் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தளவாயின் முழங்கால் வீங்கிப்போனது.

"இப்போ உனக்குச் சீக்கு வந்துட்டு" என்றான் ஆவுடையப்பன். "உங்கிட்டக் கேக்கணும்."

"கேக்குத ஆளே நான்தானலே?"

"உன்னை நீயே கேளு."

தளவாய் ஊருக்கே கேட்கும்படி தன்னிடம் தானே கேள்வி கேட்டான். பிறகு, பதில் கேட்டவன் காதில் விழக் கூடாதோ என்ற சந்தேகத்தில், தன் காதைத் தானே பொத்திக்கொண்டு "ரெண்டரை" என்றான். அவன் எத்தனை வருஷம் கொடுத்தான் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அடுத்தது பல். இனிப்புத் தின்றால் பல் கெடும் என்று ஐயாத்துரை கேள்விப்பட்டிருந்தார். வீட்டிலிருந்த கருப்பட்டியை மூன்று நாளாக ஒளித்து ஒளித்துக் கடித்தார். பல் அசையவில்லை. முகம்தான் மினுமினுப்பானது. ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் காப்பி போடப் பானையைத் திறந்தபோது அதில் எறும்பு மட்டும் இருந்தது.

"கருப்பட்டி எங்க?"

ஐயாத்துரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வடிவம்மாள் மூச்சு விசிலடிக்க, "அறிவு கெட்ட மனுசா, பல்லு போனா முறுக்கு எப்படித் திம்பீக?" என்று திட்டிவிட்டு, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு மூவரையும் தேடிக் கிளம்பினாள்.

"ஏ பிள்ளைகளா, என் நாலு வருஷத்தைத் திருப்பிக் குடுங்க. இளைப்பு இருந்துட்டுப் போகட்டும். இந்த ஆளை நாலு வருஷம் தனியா விட்டா ஊரே தாங்காது."

மூவருக்கும் சங்கடமாகிவிட்டது. தாள்களெல்லாம் சைக்கிளில் கட்டிய பையில் இருந்தன. சொரிமுத்து பையைத் தட்டிக் காட்டினான். "இதுல முப்பத்தாறு வருஷம் இருக்கு அத்தை. அதான் ரெண்டு நாளா சைக்கிள் மிதிக்க முடியல."

"என் நாலை மட்டும் எடு."

"எழுதியாச்சுல்லா?" என்றான் ஆவுடையப்பன். "மையில எழுதினது. அம்மா வந்துதான் பிரிச்சுக் குடுக்கணும்."

செவ்வாய்க்கிழமை மங்களேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஊரே நிறுத்தத்தில் நின்றது. வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார். வடிவம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

விஷயம் புரிய அவருக்கு அரைமணி நேரம் ஆனது. புரிந்ததும் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, யாரும் உங்க வருஷத்தை வாங்கல. அது வெறும் கேள்வி. உங்க நாலு வருஷமும் உங்ககிட்டயேதான் இருக்கு. இளைப்புக்கு மூச்சுல இழுக்கிற மருந்து இருக்கும்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா கொடுப்பாங்க. இந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்."

வடிவம்மாள் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், நாலு வருஷமும் அங்கே இருக்கிற மாதிரி. ஐயாத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் துண்டை எடுத்தபோது முகத்தில் வேறொரு கவலை வந்திருந்தது.

"அம்மா, அவளுக்குப் பத்து வருஷம்னு அட்டையில அச்சடிச்சிருக்கு. எனக்கு எவ்வளவுன்னு ஒருத்தரும் சொல்லலியே?"

திரும்பிப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. மங்களேஸ்வரி களைத்துப் போயிருந்தார். "உங்களுக்கும் பத்துதான் ஐயா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். "அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி வர்றேன்."

ஊர் கைதட்டியது. ஆவுடையப்பன் மட்டும் தாளைப் பார்த்தபடி நின்றான். "அத்தைக்குப் பத்து வருஷம் போன திங்கக்கிழமையிலேர்ந்து. அண்ணாச்சிக்கு இன்னைக்குச் செவ்வாக்கிழமையிலேர்ந்து. அப்போ கடைசியில எட்டு நாள் இடிக்குது."

"எட்டு நாள் நான் தனியாவா?" என்றார் ஐயாத்துரை.

"எட்டு நாள்தானே" என்றாள் வடிவம்மாள். "அதுக்குச் சாப்பாடு நான் இப்பவே செஞ்சு வச்சுருதேன்."

பத்து வருஷம் கெடாத பண்டம் வேண்டும் என்பதால் சுண்டைக்காய் வத்தல் போட்டாள். நன்றாகக் காயவைத்து எட்டுப் பொட்டலம் கட்டினாள். ஆவுடையப்பன் ஒவ்வொன்றின் மேலும் 'முதல் நாள்', 'இரண்டாம் நாள்' என்று எட்டு வரை எழுதிக் கொடுத்தான். இதற்குள் ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்து, வடிவம்மாளின் விசில் நின்றுவிட்டது. திட்டுவதற்கு நடுவில் மூச்சு வாங்க நிற்பதுகூட இல்லாமல் போனது.

அடுத்த மாசம் ஏழாம் தேதி காலை, முதல் நாள் பொட்டலத்தைக் காணவில்லை.

"வாசம் வந்துது" என்றார் ஐயாத்துரை. "பழைய சோத்துக்குத் தொட்டுக்கிட்டேன்."

"ஐயோ, பத்து வருஷம் கழிச்சு வாற நாளை இன்னைக்கே தின்னுட்டீகளே!"

சத்தம் கேட்டு மூவரும் ஓடிவந்தார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"முதல் நாள் சாப்பாட்டை அண்ணாச்சி தின்னாச்சு" என்றான் தளவாய். "அப்போ முதல் நாள் முடிஞ்சுதா, இல்லியா?"

"சாப்பாடு முடிஞ்சா நாளு முடிஞ்ச மாதிரிதான்" என்றான் ஆவுடையப்பன்.

"அத்தை பக்கத்துல இருக்கும்போதே முடிஞ்சுபோச்சு" என்றான் சொரிமுத்து மெதுவாக.

வடிவம்மாள் மீதி ஏழு பொட்டலங்களையும் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏழையும் வறுத்து, சோறு வடித்து, மோரோடு வைத்தாள். ஐயாத்துரை ஒவ்வொரு தட்டாகத் தின்றார். தளவாய் "ரெண்டாம் நாள் முடிஞ்சுது! மூணாம் நாள் முடிஞ்சுது!" என்று கூவினான். எட்டாம் நாளில் அவருக்கு மூச்சு முட்டியது. "முடியல வடிவு. இந்த ஒரு நாள் நான் தனியா இருந்துக்கிடுதேன்."

"நகருங்க" என்று தட்டை இழுத்து, அந்தக் கடைசி நாளை வடிவம்மாளே தின்று முடித்தாள்.

இப்படியாகப் பிரிவு தீர்ந்தது. எட்டு நாள் ஓடிவிட்டதால் நாட்காட்டியில் எட்டுத் தாளைக் கிழித்தார்கள். அன்று பதினைந்தாம் தேதி ஆனது. ஆராய்ச்சிக்காரம்மா வருகிற நாளாயிற்றே என்று வடிவம்மாள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இருட்டும் வரை காத்திருந்தாள். அவர் வரவில்லை. மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும்.

மங்களேஸ்வரி சொன்ன தேதியில், சொன்ன பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, எட்டு நாள் பிந்தி வாறீகளே, இது நியாயமா?" என்றாள் வடிவம்மாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி பறந்துகொண்டிருந்த குழம்பைத் தூக்கிக்கொண்டுபோய் வாழையடியில் கொட்டினாள். "உங்களுக்காக வச்சதுதான். எட்டு நாள் ஆயிட்டுல்லா? ஊசிப் போயிருக்கும்."