தலைகீழ் கரண்டில் வந்த மாப்பிள்ளை

பண்ருட்டியில் கோதண்டபாணியின் காரைப் பார்க்காதவர்கள் கிடையாது. அது ஓடிப் பார்த்தவர்கள்தான் குறைவு. எந்தத் துரையோ சீமையிலிருந்து கொண்டுவந்து, எடுத்துப்போக மனமில்லாமலோ முடியாமலோ விட்டுப்போன திறந்த கார் அது. பச்சை நிறம். தவளைக்கண் மாதிரி பிதுங்கிய முன்விளக்குகள். "இன்ஜின் தங்கம், பாடி இரும்பு, ஒயரிங் மட்டும் சக்களத்தி" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தக் காரில்தான் அவருடைய தங்கை மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு என்று முடிவானது. முடிவு செய்தவள் தங்கை செங்கமலம். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் கார் பேச்சை எடுத்தபோது, "வாடகை வண்டி எதுக்கு? எங்க அண்ணன் கார்லதான் மாப்பிள்ளை மண்டபத்துல வந்து எறங்குவாரு" என்று சபையில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா விருத்தகிரி, மின்வாரியத்தில் லைனைப் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர், "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

அவர் சந்தேகப்பட்டது நடந்தேவிட்டது. பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை நிரஞ்சனுக்கு மாலை போட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். பேண்டு முழங்கியது. கார் இரண்டு முழம் நகர்ந்து, விக்கி, முன்விளக்கை மூடிக்கொண்டு அடங்கிப்போனது.

விருத்தகிரி பின்னால் நின்ற தன்னுடைய புத்தம்புதிய வெள்ளைக் காரைக் காட்டினார். "பேண்டு இந்தப் பாட்டை முடிக்கட்டும் சம்பந்தி. அதுக்குள்ள கெளம்பலைன்னா பையன் என் வண்டியில ஏறிக்கட்டும்."

அப்படி ஏறினால் என்ன ஆகும் என்று கோதண்டபாணிக்குத் தெரியும். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் செங்கமலத்திடம், "உங்க அண்ணன் கார் கெளம்பிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவளும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், ஆயுசு முழுக்க.

கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினார். பட்டு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்து, மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். கால்கள் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன.

உள்ளே ஒயர்கள் புதராகத் தொங்கின. துணி சுற்றிய ஒயர்கள். ஒருகாலத்தில் பழுப்பு, வெள்ளை, பச்சை என்று நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள். இப்போது எல்லாம் காப்பி வடிகட்டியின் அடியில் தங்கும் சக்கையின் நிறம். டெஸ்ட் பல்பை எடுத்து வைத்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தது. ஃபியூஸுக்கு இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கமும் வந்தது. அதற்குமேல் எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

தெரியாத இடம் வந்ததும் அவர் கை நின்றுவிடும், வாய் புறப்பட்டுவிடும். ஏன் அப்படி என்று அவரே படுக்கையில் புரண்டு யோசித்திருக்கிறார். ஐம்பது வயதுக்குமேல் ஒரு மனிதன் இப்படிப் புளுகலாமா என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். காலையில் பதில் இருக்காது. சாயங்காலம் புதிதாக ஒரு புளுகு இருக்கும்.

"என்ன சம்பந்தி, ஃபியூஸா?" விருத்தகிரி கால்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஃபியூஸ் போனா கொழந்தை மாட்டுமே! இது வேற. மத்த வண்டியில மைனஸ்தானே பாடிக்குப் போகுது? இதுல ப்ளஸ் போகுது. தலைகீழ் கரண்ட்டு."

"அது நெசம்தான். பழைய சீமை வண்டிங்க சிலது அப்படித்தான்."

உண்மையை இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டால் கோதண்டபாணியால் சும்மா இருக்க முடியாது.

"அது தெரியாமத்தான் நான் பேட்டரியை மாத்தி மாட்டினேன். ஒயரைத் தப்பா மாட்டுறதுல இந்த ஜில்லாவுலேயே எனக்கு ஜோடி கெடையாது பாத்துக்குங்க. நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருத்தன் ஒரு மாசம் ஒக்காந்து சரியா மாட்டிக் குடுத்ததை, ஒரே ஞாயித்துக்கிழமையில தப்பா மாத்தினவன் நான். மாட்டிட்டு ஹாரனை அமுக்குறேன், சத்தம் வெளிய வரலை. வெளிய இருந்த சத்தம் உள்ள போயிடுச்சு!"

"எது?"

"எதுத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை. ரெண்டு பேரும் வாயை வாயை அசைக்கிறாங்க, ஒண்ணும் கேக்கலை. தெருவே ஊமை. மறுநாள் பேட்டரியைத் திருப்பி மாட்டி அமுக்கினேன். முழுச் சண்டையும் ஹாரன் வழியா வந்துடுச்சு. அவங்க அதுக்குள்ள சமாதானமாயி சினிமாவுக்குக் கெளம்பி நிக்கிறாங்க. தங்களோட சண்டையைத் தாங்களே கேட்டுட்டு, மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சுட்டாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேண்டு மாஸ்டர் ஜோதிமுத்து கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டடி கிட்டே வந்தார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹாரனை விடுங்க மாமா, வைப்பர்?" என்றான் நிரஞ்சன் மேலேயிருந்து. வானம் கருத்திருந்தது. திறந்த கார், புதுக் கோட்டு. அவன் கவலை அவனுக்கு.

"மாப்பிள்ளே, அதைக் கேக்காதீங்க. மத்த ஊர்ல மழை வந்தா வைப்பரைப் போடுவான். இதுல வைப்பரைப் போட்டா மழை வரும். ஒரு பஞ்சத்துல காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரங்க என் காரை மாடு கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. தோப்பு நடுவுல நிறுத்தி சுவிட்சைப் போட்டேன். மழைன்னா மழை! ஆனா வைப்பர் தொடைக்கிற எடத்துல மட்டும்தான் பேஞ்சுது. இன்னிக்கும் போய்ப் பாருங்க, ரெண்டு விசிறி விரிச்சு வெச்ச மாதிரி முந்திரி நிக்கும்."

"அப்ப ரெண்டு விசிறிக்கும் நடுவுல?" ஜோதிமுத்து கேட்டார்.

"அது காஞ்சுதான் கெடக்கு. மறைக்கிறதுக்கு என்ன, வலதுகை விசிறியிலயும் ஒரு கோடு மொளைக்கலை. ரப்பர் தேஞ்சிருந்துது."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தார். ஒன்று கையோடு வந்துவிட்டது. அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. வெளியே பாட்டு கடைசி அடிக்கு வந்திருந்தது. இன்னும் பெரிதாகச் சொல்லாமல் வழியில்லை.

"ஹெட்லைட்டைச் சொல்லட்டுமா? உச்சி வேளையில போட்டேன். வெளிச்சம் வெளிய போகலை சம்பந்தி, உள்ள வந்துடுச்சு! வண்டிக்கு முன்னாடி தெரு முழுக்க இருட்டு. கோழியெல்லாம் கூட்டுல ஏறிடுச்சு. குருக்கள் வந்து சாயரட்சை தீபாராதனையைக் காட்டிட்டாரு. அம்புட்டு வெயிலும் பேட்டரிக்குள்ள! பேட்டரி பொங்கல் பானை மாதிரி பொங்குது. பயந்துபோய் அதைக் கொண்டாந்து வீட்டு பிளக்குல சொருகிட்டேன். ஊர் முழுக்க லைட்டு எரிஞ்சுது. பெரிய புயலடிச்சு கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்துதே, அப்ப பண்ருட்டியில மட்டும் பல்பு எரிஞ்சுது. என் தப்புதான், ஒத்துக்கறேன்."

கூட்டம் சிரிக்கவில்லை. எல்லோரும் விருத்தகிரியைப் பார்த்தார்கள்.

"யோவ், அந்தப் புயலுக்கு இந்த ஊர் மின்வாரிய செக்‌ஷன்ல இருந்தது யாருன்னு நெனைச்சே?" என்றார் விருத்தகிரி.

டேஷ்போர்டுக்கு அடியில் கோதண்டபாணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான்யா! கம்பத்து உச்சியில ஒண்டியா நிக்கிறேன். அடிச்சுது பாரு காத்து, என்னையும் கம்பத்தையும் சேத்துப் புடுங்கிக்கிட்டுப் போய் நெய்வேலியில நட்டுது. கரண்ட்டு தயார் பண்ற எடமாச்சே, வந்ததுதான் வந்தோம், வெறுங்கையோட எதுக்குப் போகணும்னு ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டு நடந்தே திரும்பி வந்தேன். பண்ருட்டி எரிஞ்சது அதுல. உன் பேட்டரியில இல்லை."

கோதண்டபாணிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயுசில் முதன்முறையாக ஒரு நல்ல ஆட்டக்காரனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் தலைகீழாகப் படுத்துக்கொண்டு.

"ரெண்டு கையாலயும் அள்ளினா வழியில சிந்தியிருக்குமே சம்பந்தி?"

"சிந்துச்சு. சிந்தின எடத்துலதான் அப்புறம் தெருவிளக்கு போட்டோம்."

பாட்டு முடிந்தது. தெரு சட்டென்று அமைதியாயிற்று. "ஐயா, பாட்டு முடிஞ்சுது" என்றார் ஜோதிமுத்து, தயங்கித் தயங்கி.

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கும் தங்கையின் முகம் தெரிந்தது. கைக்கு அகப்பட்ட இரண்டு ஒயரின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, இரும்பில் வைத்து அழுத்தினார். சாமி, இது ஒன்றாவது நடக்கட்டும்.

"அதையே திரும்ப வாசிய்யா" என்று விருத்தகிரியின் குரல் கேட்டது. பேண்டு மறுபடி இடித்தது.

காரின் தரையில், துருப்பிடித்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. தலையைத் திருப்பியபோது அதன் வழியாகத் தெரு தெரிந்தது. அந்தத் தெரு நகர்ந்தது.

முதலில் தலைசுற்றல் என்று நினைத்தார். ஒரு வாழைப்பழத் தோல் வந்து போனது. ஒரு சாக்கடை மூடி வந்து போனது. கார் போகிறது!

"போகுது! போகுது! மாப்பிள்ளே, ஸ்டியரிங்!"

"பிடிச்சிருக்கேன் மாமா!" நிரஞ்சன் பின்சீட்டிலிருந்து முன்னால் கவிழ்ந்து, மாலை நசுங்க, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

"நான் ஒயரை விட்டா நின்னுடும்! என் உடம்பு வழியாத்தான் இப்ப கரண்ட்டு போகுது!"

"விடாதீங்க சார்!" என்று யாரோ அவர் கால்களை ஏந்திக்கொண்டார்கள், தரையில் இழுபடாமல். "வேட்டி சரியா இருக்குதா?" என்று கோதண்டபாணி கேட்டார். "இருக்கு, நீங்க கையைக் கவனிங்க."

விரல் மரத்தது. கழுத்து இற்றுவிடும்போல் இருந்தது. இத்தனை வருஷம் நடக்காததையெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு இன்று ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இதை நாளைக்குச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்களே என்ற கவலை வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. சற்று அழுதார்கூட. மேலே மாப்பிள்ளைக்குத் தெரியாது.

தெரு நின்றது. சாம்பிராணி வாசனை. குலவைச் சத்தம். "மாப்பிள்ளை வந்தாச்சு!"

நிரஞ்சன் காரிலிருந்துதான் இறங்கினான். செங்கமலம் ஆரத்தி சுற்றினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காரைத் தடவிப் பார்த்தார்கள். கோதண்டபாணி ஒயரை விட்டுவிட்டு நெளிந்து நெளிந்து வெளியே வந்து, நெற்றியில் கிரீஸோடு நிமிர்ந்து நின்றார். ஜெயித்தவர் தட்டிக்கொடுப்பதுபோல் பானெட்டில் கையை வைத்தார்.

பானெட் சில்லென்று இருந்தது.

மெதுவாகக் காரின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். விருத்தகிரியும் அவருடைய தம்பிகள் மூவரும் டிக்கியில் கையை ஊன்றி, குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டுச் சட்டைகள் முதுகில் ஒட்டியிருந்தன. ஒருவருக்குச் செருப்பு இல்லை.

"என்னண்ணே, வண்டி சத்தமே இல்லாம வந்துது?" செங்கமலம் கேட்டாள். கேட்டவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கோதண்டபாணி வாயைத் திறந்தார். ஒரு புளுகும் வரவில்லை.

விருத்தகிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வண்டிக்கு நாலு சிலிண்டரும்மா. நாலுக்கும் வயசாயிடுச்சு. மொதல்ல மோர் கொண்டாரச் சொல்லு."