காற்றுக்கு எட்டுக் கிழங்கு

தேரிக்காட்டில் தங்கபுஷ்பம் என்று ஒரு வெள்ளெலி இருந்தது. எதைக் கண்டாலும் மூன்று தடவை மோந்து பார்க்கும். நல்ல மழை பெய்தால்கூட, 'இது இப்போது எதற்காகப் பெய்கிறது?' என்று யோசிக்கும். அப்படிப்பட்ட சந்தேகப் பிராணி!

தேரி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மணல். அங்கங்கே ஓர் உடைமரம், ஒரு பனை. இன்றைக்கு மேடாக இருப்பது, நாளைக்குக் காற்றடித்தால் பள்ளம். ஆனிக் கடைசியில் அப்படி ஒரு மணல்மேடு நகர்ந்து, தங்கபுஷ்பத்தின் வளையை மூடிவிட்டது. கண் திறக்காத மூன்று குட்டிகளை அது ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து, உடைமரத்தடிச் சருகில் ஒளித்து வைத்தது. சேர்த்து வைத்திருந்த அறுபது கோரைக்கிழங்கும் எப்படியோ தப்பின.

ஆடி பிறக்க இன்னும் எட்டே நாள். அதற்குள் புது வீடு வேண்டும். இல்லாவிட்டால் காற்று குட்டிகளை உயிரோடு புதைத்துவிடும்.

வளை தோண்டுவதில் பேர்போன முள்ளம்பன்றி வந்தது. இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. ஒரு பிடி மணலை அள்ளித் தூவி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தது. நடுநடுவே கிழங்குக் குவியலையும் பார்த்து எச்சில் விழுங்கியது. தங்கபுஷ்பம் அதைக் கவனிக்கத் தவறவில்லை.

"மொத்தம் அம்பது கிழங்கு ஆகும், தங்கச்சி!"

"அம்பதா! எதெதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்க, அண்ணாச்சி!"

"தோண்ட இருபது. சுவர் சரியாம இருக்கணும்னா ஈர மண்ணு வரைக்கும் இறங்கணும், அதுக்குப் பத்து. பின்வாசலுக்குப் பன்னெண்டு. காத்துக்கு எட்டு."

"காத்துக்கா? காத்து எப்போ கிழங்கு திங்க ஆரம்பிச்சுது!"

"ஆடி முழுக்கக் காத்து வாசலை மூடும், தங்கச்சி. நான் தினமும் வந்து மணலைத் தள்ளணும்லா!"

"பின்வாசல் எதுக்கு? என் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை ஊர்வலம் வரப்போகுது?"

"வேண்டாதவன் முன்வாசல்ல நின்னா, நீ எந்த வழியாப் போவ?"

'பயம் காட்டியே பிழைக்கிற ஆள் போலிருக்கிறது. என்னை அடித்து உலையில் போடப் பார்க்கிறது!' என்று தங்கபுஷ்பம் நினைத்தது.

"பின்வாசலும் வேண்டாம், காத்தும் வேண்டாம். முப்பதுக்குக் கட்டுங்க."

"அப்படிக் கட்டினா அது வீடு இல்ல, குழி!" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி போய்விட்டது.

மறுநாள் கீரி வந்து, பத்தடி தள்ளியே நின்றது.

"பயப்படாதீங்க மதினி! எனக்கும் பாம்புக்கும்தான் பகை. நீங்க குட்டிகளோட உடைமரத்து மேலயே உக்காந்து பாருங்க, நான் கீழே கட்டித் தாரேன். இருபது கிழங்கு போதும். ஒரே வாசல். முள்ளம்பன்றி கேட்ட கூலியைக் கேள்விப்பட்டேன். காத்துக்கெல்லாம் எவனாவது கூலி கொடுப்பானா?"

தங்கபுஷ்பம் மோந்தது. மறுபடி மோந்தது. கீரி எலியைத் தின்னும் என்று அதற்குத் தெரியாதா என்ன? அதனால் கேள்விமேல் கேள்வி கேட்டது.

"வாசலை என் உடம்பு மட்டும் நுழையுற அளவுக்கு வைப்பியா?"

"வைப்பேன்!"

"அப்புறம் வந்து கூடுதலாக் கேப்பியா?"

"சத்தியமா மாட்டேன்!"

கீரி கிழங்குக் குவியலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 'கொஞ்சமும் பேராசை இல்லாத பிள்ளை!' என்று தங்கபுஷ்பத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மூன்றாவது தடவை மோந்து பார்க்க மறந்தது.

இரண்டே நாளில் வீடு தயார். தங்கபுஷ்பம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தது. வாசலைத் தன் உடம்பாலேயே அளந்தது. எல்லாம் சரி! இருபது கிழங்கை எண்ணி வைத்துவிட்டுக் குட்டிகளோடு குடியேறியது.

ஆடி முதல் நாள் காற்று ஊளையிட்டு வந்தது. மதியத்துக்குள் வாசல் மூடிவிட்டது. தங்கபுஷ்பம் உள்ளிருந்து மணலைப் பறித்தது. பறிக்கப் பறிக்க வெளியிலும் யாரோ பறிக்கும் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நான்தான் மதினி! கூலி வாங்க வந்தேன்."

"இருபதும் எண்ணிக் கொடுத்தேனே! கூடுதலாக் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

கீரி சிரித்தது. "கூடுதலா எங்கே கேட்டேன்? கூலியே இன்னும் வாங்கலையே! கீரி எப்போ மதினி கிழங்கு தின்னுச்சு?"

தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்தது. வாசல் குறுகல்தான். ஆனால் தோண்டியவனுக்கு அதை அகலமாக்கத் தெரியாதா? அது குட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடியது. பின்வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. 'பன்னிரண்டு கிழங்குக்கு என் பிள்ளைகளை விற்றுவிட்டேனே!' என்று கதறிக்கொண்டே அது அந்த மண்ணை நகத்தால் பிறாண்டியது.

அதே நேரம், இரை தேடிப் போன முள்ளம்பன்றி ஒரு புதருக்குப் பின்னால் கிழங்கு வாசனையைப் பிடித்தது. எண்ணிப் பார்த்தது. இருபது! ஒன்றில்கூடப் பல் படவில்லை. பக்கத்திலேயே கீரியின் காலடி.

'தங்கபுஷ்பம் யாருக்கும் எதையும் சும்மா கொடுக்காது. இது கூலி. திங்காத கிழங்கைக் கீரி எதுக்குக் கூலியா வாங்குச்சு?'

அடுத்த நொடி அது தங்கபுஷ்பத்தின் வளையை நோக்கி ஓட்டமெடுத்தது. கீரியின் தலையும் தோளும் வளைக்குள் போயிருந்தன. பின்பாதி மட்டும் வெளியே. முள்ளம்பன்றி திரும்பி நின்று, முட்களை விரித்துப் பின்பக்கமாக ஒரே இடி! கீரி அலறிக்கொண்டு வெளியே வந்து, நாலைந்து முட்களோடு தேரி தாண்டி ஓடியது.

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தது. "அண்ணாச்சி! இதுக்கு நான் எவ்வளவு தரணும்?"

"இதுக்கு ஒண்ணும் வேண்டாம்!"

"ஒண்ணும் வேண்டாமா? ஏன் வேண்டாம்?" தங்கபுஷ்பம் சட்டென்று பின்வாங்கியது. "கூலி சொல்லுங்க அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு!"

முள்ளம்பன்றி வயிறு குலுங்கச் சிரித்தது. "சரி, பழைய கணக்குத்தான். அம்பது. காத்துக்கு எட்டும் சேத்துத்தான்!"

"எங்கிட்ட நாப்பதுதான் மிச்சம்..."

"அந்தப் புதருக்குப் பின்னால உன் இருபது அப்படியே கிடக்கு. பத்தை நான் எடுத்துக்கிடுதேன். பத்து உனக்கு!"

அப்போதே ஒரு கிழங்கை எடுத்து நறுக் நறுக்கென்று கடித்தது. அது முழுசாக விழுங்குகிறதா என்று தங்கபுஷ்பம் கண் கொட்டாமல் பார்த்தது. தொண்டையில் இறங்கிய பிறகுதான் குட்டிகளை வெளியே கவ்வி வந்தது.

அதிகக் கூலி கேட்கிறவனைச் சந்தேகப்படும் முன், கேட்ட கூலியால் எந்தப் பயனும் இல்லாதவன் உண்மையில் எதற்கு வந்தான் என்று சந்தேகப்பட வேண்டும்.