அஞ்சுகம் போட்ட அங்கி

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கறுப்பு அங்கி மாட்டிவிடுவது அஞ்சுகத்தின் வேலை. அன்று பட்டம் வாங்குகிறவர்களில் அவள் மகள் சுகந்தியும் ஒருத்தி.

"ஓரமா நின்னு பார்த்துக்கிறேன் ஐயா," என்று பதிவாளர் வேதரத்தினத்திடம் கேட்டாள்.

"அங்கி போடாதவங்க அரங்கத்துக்குள்ள காலை வைக்கக்கூடாது. பள்ளிக்கூடமே முடிக்காத உனக்கு அங்கே என்ன வேலை?"

அஞ்சுகம் அவருக்கு அங்கியை மாட்டி, கழுத்தில் சிவப்புப் பட்டுத் துண்டைப் போட்டாள். அதன் கயிற்றைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். அவரோ பொத்தானில்லாத ஜிப்பாவில் வந்திருந்தார். இரண்டடி நடந்ததும் துண்டு பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கியது. வெளியே பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது.

"இப்ப என்ன செய்யறது?"

"பின்னாலிருந்து ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே வந்தா நிக்கும் ஐயா."

"அப்ப நீயே வா."

"அங்கி இல்லாம எப்படி ஐயா வர்றது?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அங்கியை எடுத்து நீட்டினார்.

ஊர்வலம் நுழைந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. மகள் பட்டம் வாங்கும்போது அஞ்சுகம் மேடையிலேயே இருந்தாள்.

வெளியே வந்ததும் சுகந்தி அவள் கையைப் பிடித்தாள். "அந்தத் துண்டைக் குத்த உன் வளையல்லயே நாலு ஊக்கு தொங்குதேம்மா."

"அவர் ஊக்கு கேட்கலையே," என்றாள் அஞ்சுகம். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் அந்த அங்கியில் முந்தானை இல்லை.