அரசன் இழுத்த சிறுதேர்

காவிரி தன் விருப்பத்துக்கு வழி மாறி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அதன் தென்கரையில் செண்பகபுரி என்றொரு நாடு இருந்தது. கண்டீரவன் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகப் பேசியவர் சொன்னதே அவனுக்கு வேதம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆடி பதினெட்டாம் நாள் குழந்தைகள் ஆளுக்கொரு சிறுதேரை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். சாண் உயரத் தேர். உள்ளே ஒரு பிடி சித்திரான்னம், காவிரிக்குக் கருகமணி. ஆடி பிறந்ததும் அரண்மனைத் தச்சர்கள் செதுக்கத் தொடங்கி வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். நான்காயிரம் சிறுதேர்கள் ஒரே தெருவில் உருண்டு வரும் ஓசை, தூரத்து மழை தரையோடு நடந்து வருவது போலிருக்கும். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

ஒரு வருஷம், ஆடி முதல் நாள், தச்சர்கள் மரம் கேட்டு வந்தபோது பொக்கிஷ அதிகாரி பூவராகர் சபையில் எழுந்தார். மந்திரி குழைக்காதர் மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல். சிறுதேர் வேலை மந்திரியின் பொறுப்பு.

“பிரபு, கஜானா இளைத்துவிட்டது. எங்கே வெட்டலாம் என்று பார்த்தேன். ஒரு நாள் இழுத்து ஆற்றில் விடும் மரப்பொம்மைக்கு இத்தனை தச்சர்களா? நிறுத்திவிடலாம்.”

“நிறுத்தினால் என்ன ஆகும்?” என்றான் அரசன்.

“குழந்தைகள் அழும். சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிடும்.”

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை.

“மந்திரியாருக்குப் பேரப்பிள்ளைகள் அதிகமோ?” என்றார் பூவராகர்.

“எனக்குப் பிள்ளையே இல்லை, பூவராகரே. அதனால்தான் ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள்.”

அரசன் கையைத் தட்டி மந்திரியிடம் திரும்பினான். “அந்தப் பொம்மையால் அரசுக்கு ஒரு பயன் உண்டென்று காட்டும். தேர் ஓடட்டும். காட்டாவிட்டால் உம் முத்திரை மோதிரம் பூவராகர் விரலுக்குப் போகும்.”

மந்திரி மோதிரத்தைக் கழற்றி அரசன் முன் வைத்தார். “ஒரே ஒரு தேர் போதும், பிரபு. இழுப்பது மட்டும் தாங்களாக இருக்கவேண்டும். கிரீடமில்லாமல், வெறுங்காலோடு, தேரடியிலிருந்து ஆறு வரை. பிள்ளைகளின் சட்டப்படி.”

“அவ்வளவுதானா? தாம்பூலம் போட்டு முடிப்பதற்குள் போய்விட்டு வருகிறேன்.”

“ஆற்றுச் சாலை இப்போது எப்படி இருக்கிறது, பூவராகரே?” என்று மந்திரி கேட்டார்.

“கண்ணாடி போல. பங்குனியில்தான் முழுக்கக் கல் பாவினோம்.”

“அப்படியானால் நீரும் வெறுங்காலோடு வாரும். நோகாது.”

மறுநாள் காலை அரசன் தேரடியில் கயிற்றைப் பிடித்தான். மந்திரியும் பூவராகரும் பின்னால் வந்தார்கள். பத்தடி போனதும் தேர் சாய்ந்தது.

“சாஞ்சிடுச்சு மாமா. திரும்பப் போங்க” என்றது ஒரு குரல். அஞ்சலை என்ற ஏழு வயதுப் பெண். யானைமேல் ஒரு குடையாக மட்டுமே அரசனைப் பார்த்திருந்தவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

“எங்கே போவது?”

“தேரடிக்குத்தான். சாஞ்சா முதல்லேருந்து வரணும். இல்லேன்னா ஆறு ஏத்துக்காது.”

அரசன் மந்திரியைப் பார்த்தான். “பிள்ளைகள் சட்டம், பிரபு” என்றார் அவர் மெல்ல.

இரண்டாம் முறையும் சாய்ந்தது. மூன்றாம் முறையும். அஞ்சலைக்கே பொறுக்கவில்லை, கூடவே நடந்தாள்.

“இடது பக்கம் வாங்க. இது செக்குக் குழி. அதோ, அது பொன்னி ஆயா குழி. தண்ணிக் குடத்தோட இதுலே விழுந்துதான் ஆயாவுக்கு இடுப்பு போச்சு. இப்ப எழுந்திரிக்கிறதில்லே.”

சிறுதேரை இழுப்பவன் குனிந்துதான் ஆகவேண்டும். கண் தரையை விட்டு அகலக்கூடாது. இருபது வருஷம் ஆண்ட தெருவை அரசன் அன்றுதான் பார்த்தான்.

“பங்குனியில் கல் பாவினார்களே?” என்றான்.

“அதுவா? அரண்மனை வாசல்லே கொஞ்சம் போட்டாங்க. மிச்ச வண்டியெல்லாம் அங்கே போயிடுச்சு.” பூவராகரின் வீட்டை மோவாயால் காட்டினாள். “அந்த முற்றத்துலே தேர் இழுத்தா சாயவே சாயாது. ஆனா உள்ளே விடமாட்டாங்க.”

பூவராகர் தம் வெறுங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் சாயும் வேளையில் ஆறு வந்தது. ஏழாம் மாடத்திலிருந்து அதை ஒரு நாடாவாகப் பார்த்துப் பழகியவன் அரசன். இப்போது அது அவன் பாதத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. செம்மண் நிறத்தில் புது வெள்ளம், மறுகரை தெரியாத அகலம். வேரோடு பிடுங்கிய ஒரு நாவல் மரம் துரும்பைப் போல் சுழன்று போயிற்று. காலடியில் படிக்கல் அதிர்ந்தது. அரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாதீங்க மாமா” என்றாள் அஞ்சலை தாழ்ந்த குரலில். “அவ போயிட்டிருக்கா.”

தேரை நீரில் விட்டான். எத்தனை சிறியது அது. அலை அதைத் தூக்கிற்று, தாழ்த்திற்று, கவிழ்க்காமல் கொண்டுபோயிற்று. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவன் கூப்பிய கையோடு நின்றான். தான் ஒரு நாட்டுக்கு அரசன் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவில்லை.

மறுநாள் சபையில் மந்திரியின் மோதிரத்தைத் தானே எடுத்து அவர் விரலில் போட்டான். “பயனைக் கேட்டேன். குனிய வைத்துவிட்டீர்” என்றான். முற்றத்துக் கற்களைப் பெயர்த்துத் தம் கையாலேயே தெருவில் பாவும் வேலை பூவராகருக்குக் கிடைத்தது. முதலில் பொன்னி ஆயாவின் வாசல்.

புதுப் பொக்கிஷ அதிகாரி தயங்கித் தயங்கி எழுந்தார். “கஜானா இளைத்திருப்பது உண்மைதான், பிரபு. எங்கே வெட்டுவது?”

“என் யானை ஊர்வலத்தை நிறுத்தும்” என்றான் கண்டீரவன். “அதன் மேலிருந்து எனக்கு எதுவுமே தெரியவில்லை.”

அன்று முதல் ஆடி பதினெட்டில் அரசனைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து தேடி ஏமாந்தார்கள். அவன் கீழே, நான்காயிரம் பிள்ளைகளுக்கு நடுவே, கயிறும் கையுமாக, ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.