அல்லியின் செல்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் மாணவர்தான் தலை நரைத்தவர். ஆசிரியை அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். மாணவர் தணிகாசலம் முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அதனால் பேராசிரியை சபுரா அவரை "சார்" என்று கூப்பிடுவார். அவர் இவரை "மேடம்" என்பார். பார்ப்பவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே தெரியாது.

தணிகாசலம் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தது தங்கை அல்லிக்காக. அம்மா அப்பா போன பிறகு அவர் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். நோயிலிருந்து அவளைக் காக்க வேண்டிய ரத்தச் செல்களே அவளுடைய சிறுநீரகத்தைக் கடித்துக்கொண்டிருந்தன.

"காவல்காரனே வீட்டை இடிப்பானா மேடம்?" வந்த அன்று அவர் கேட்டது இதுதான்.

சபுரா ஒரு கிண்ணத்தில் உருகின நெய்யை ஊற்றி மேசைமேல் வைத்தார். ஆற ஆற அதில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கட்டியது.

"ஆண்டவன் செல்லுக்குக் கொடுத்திருக்கிற தோலும் இப்படித்தான் சார். எண்ணெய் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். கொலஸ்ட்ரால் சேர்ற இடத்துல மட்டும் சின்னச் சின்னத் திட்டு. எதிரியைத் தடவிப் பார்க்கிற கைகள் அந்தத் திட்டுல வந்து கூடும். கூடினாத்தான் செல் சத்தம் போடும்."

"அல்லிக்கு?"

"திட்டு அதிகம். எதைத் தொட்டாலும் கத்துது. சொந்தச் சிறுநீரகத்தைத் தொட்டாலும்."

இதை அல்லியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அம்மா அப்பவே சொன்னாளே அண்ணா. அதுக்கு நீ காலேஜுக்குப் போய்ப் படிக்கணுமா?"

ஆய்வுக்கூடத்துக்கு வந்து சபுராவிடம் கொஞ்சம் ரத்தமும் கொடுத்தாள். அதிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் ஒரு குப்பியில், இளஞ்சிவப்புத் தண்ணீரில், வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளர்ந்தன. தணிகாசலம் குழந்தைக்குப் பால் மாற்றுகிற மாதிரி அதற்குத் தண்ணீர் மாற்றுவார். எவ்வளவு கொழுப்பை எடுத்தால் அவை அடங்கும், ஆனால் காவலை விடாது? அந்த அளவைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைக்கவில்லை. அதற்குள் அல்லி போய்விட்டாள்.

காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு தணிகாசலம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பெட்டியைத் திறந்து அல்லியின் குப்பியை எடுத்தார். கொழுப்பை உறிஞ்சுகிற மருந்தை அளக்காமல் அதில் கவிழ்த்தார்.

சபுரா வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன செஞ்சீங்க சார்?"

"கொழுப்பை உருவிட்டேன்."

"எவ்வளவு?"

"பூராவும்."

சபுரா குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தார். செத்த கிருமி கொஞ்சம் அதில் கலந்து, நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கிருமியைக் காட்டினேன். ஒரு செல்லுகூட அது பக்கம் திரும்பலை."

"திரும்ப வேண்டாம். கடைசி நாள்ல அவ தண்ணி தண்ணின்னு கேட்டா மேடம். சிறுநீரகம் போயிடுச்சு, கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சேன். இதுங்க சாகட்டும்."

சபுரா அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"கொலஸ்ட்ரால். குப்பியில விடுங்க."

"இதுங்களுக்கா? அவளைத் தின்னதுக்கா?"

"எப்பவும் செய்யறதுதானே. எடுத்தா, திருப்பிப் போட்டும் பார்க்கணும்."

தணிகாசலம் அந்தக் குழாயையே பார்த்தார். பிறகு பழக்கம் மாறாமல் கேட்டார்.

"எவ்வளவு விடணும்?"

"எவ்வளவு எடுத்தீங்க?"

"தெரியாது. அளக்கலை."

"அப்ப எனக்கும் தெரியாது சார்." சபுராவின் குரல் தாழ்ந்தது. "அந்த அளவு தெரிஞ்சிருந்தா நீங்க இன்னிக்கு மொட்டையோட வந்திருக்க மாட்டீங்க."

தணிகாசலம் குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"விட்டாப் பிழைக்குமா?"

"பாதி இப்பவே போயிடுச்சு. மிச்சம்... நம்பிக்கை இல்லை."

"பிழைச்சா மறுபடியும் கடிக்கும்."

"கடிக்கிறதுக்கு யார் இருக்கா?"

தணிகாசலம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சபுரா தடுக்கவில்லை. அவர் அழுது ஓய்ந்த பிறகு கேட்டார்.

"அல்லிக்குப் புருவத்துல ஒரு குழி இருக்குமே, அது என்ன சார்?"

"சின்னதுல அம்மை போட்டது. நான்தான் ராவெல்லாம் வேப்பங்கொத்தால தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கண்ணசந்தேன். அதுக்குள்ள ஒண்ணைச் சொறிஞ்சுட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அனலாக் கொதிச்சுது உடம்பு. பிழைக்க மாட்டாள்னுட்டாங்க."

"எப்படிப் பிழைச்சா?"

தணிகாசலம் வாய் திறந்தார். மாரியாத்தா என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் குப்பியைப் பார்த்தார்.

"ஒரு தடவை சண்டை போட்ட கிருமியை இதுங்க கடைசிவரைக்கும் மறக்காது. நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது," என்றார் சபுரா.

"அதனால?"

சபுரா குழாயின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்த அம்மையை ஞாபகம் வச்சிருக்கிறது இப்ப ரெண்டே பேர் சார். நீங்களும், இந்தக் குப்பியும்."