வாலால் கதவடைத்த பாம்பு

பாம்பும் கோழியும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், மலைச்சோலையில் செவ்வரி என்றொரு சின்னப் பாம்பு இருந்தது. அதற்குச் சாட்டை போல நீண்ட வால். விஷம் கிடையாது. சருகைப் புரட்டி மண்புழு தின்று பிழைத்தது.

அடைமழை பிடித்தால் சோலைப் பாம்புகள் எல்லாம் ஒரே புற்றில் ஒதுங்கும். கடைசியாக வருகிற பாம்பு பின்பக்கமாக நுழைந்து, வாசலில் தலை வைத்துக் காவல் படுக்க வேண்டும். அதுதான் அவற்றின் வழக்கம்.

அந்த மழைக்குச் செவ்வரிதான் கடைசி. வயிற்றில் குட்டிகள் இருந்ததால் வேகமாக ஊர முடியவில்லை. வந்த பதற்றத்தில் தலையை முதலில் நுழைத்துவிட்டது.

"யாரது, வாலை வெளியே போட்டுவிட்டு வருவது?" என்றது சாரைப்பாம்பு.

"நான்தான் அண்ணே, செவ்வரி."

"தலையை அங்கே வை, தாயி. வாசலில் வால் எதற்கு? ஈ ஓட்டவா?"

புற்றுக்குள் ஒரே சிரிப்பு.

"திரும்ப இடமில்லை அண்ணே. வயிறு இடிக்கிறது."

சிரிப்பு அடங்குவதற்குள் காட்டுச்சேவல் வந்துவிட்டது. "அடேயப்பா, எவ்வளவு நீளப் புழு!" என்று வாலைக் கவ்வி இழுத்தது.

"உள்ளே இழுத்துக்கொள்! வாலை இழுத்துக்கொள்!" என்று கத்தின மற்ற பாம்புகள்.

இழுத்துக்கொண்டால் வாசல் திறந்துவிடும். சேவலின் அடுத்த கொத்து வயிற்றில்தான் விழும். செவ்வரி அசையவில்லை. வால் அறுந்தது. வலியோடு வலியாக, மிச்சமிருந்த மொட்டை வாலைப் பின்னுக்குத் தள்ளி வாசலை இறுக அடைத்தது. ஈரமண்ணும் பொடிக்கல்லும் காயத்தில் அப்பிக்கொண்டன.

சேவல் கொத்தியது. டக்! மறுபடியும் கொத்தியது. டக்!

"சே, கல்லு! அலகுதான் உடையும்" என்று முனகிக்கொண்டே மழையில் நடந்தது.

புற்றுக்குள் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"தாயி, நீ உள்ளே தள்ளிப் படு. வாசலுக்கு நான் வருகிறேன்" என்றது சாரை.

"இருக்கட்டும் அண்ணே. எனக்கு வாசல் பழகிவிட்டது."

மழை விட்டதும் மற்றவை வெளியே போயின. செவ்வரி மட்டும் மூக்கால் மண்ணைத் துளைத்துக் கீழே போனது. மண்புழுவுக்கு அங்கே பஞ்சமில்லை. குட்டிகள் அங்கேதான் பிறந்தன. எல்லாக் குட்டிக்கும் சாய்வாகச் சீவிவிட்டது போன்ற வால். நுனியில் ஒரு பொட்டு மண்.

இன்றும் அந்த வம்சத்துப் பாம்பை யாராவது பிடித்தால் அது கடிப்பதில்லை. மண் அப்பிய வாலைத்தான் கையில் அழுத்தும். அந்த மழைநாள் தொட்டு, அது போகுமிடமெல்லாம் தன் கதவைக் கூடவே கொண்டுபோகிறது.